போரைப் படம் பிடிக்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு, காசிமேட்டிலிருந்து

2009 தொடக்கத்தில், இலங்கையின் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், புழல் காவாங்கரை அகதிகள் முகாமில் ஒரு அம்மாவைப் படம் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தார். படம் பத்திரிகையில் வந்தது, நாலு பேர் பாராட்டினார்கள். பிரதி கொடுக்கப் போனபோது அந்த அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா என்ர மகன் இன்னும் அங்கதான் நிக்கிறான்" என்றார். அதற்கப்புறம் மூன்று முறை போனேன். கதவு திறக்கவில்லை.

அதனால் என்னிடம் இந்தத் தொழிலைக் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது ஒரு கேள்வி. முகத்தை எடுப்பதற்கு முன்னால், "உங்க ஆளுங்க யாராவது இன்னும் அங்கே இருக்காங்களா?" என்று கேளுங்கள். இருக்கிறார்கள் என்றால், வெளியாகும் முகம் அவர்களுக்கு ஆபத்தாகலாம். கையை மட்டும் படம் எடுங்கள், முதுகைப் படம் எடுங்கள், ஓடிவரும்போது தூக்கி வந்த பொருளைப் படம் எடுங்கள். குரலை வைத்தும் ஆளைக் கண்டுபிடிப்பார்கள், அதனால் அவர் சொன்னதை இன்னொருவரைப் பேச வைத்துப் பதிவு செய்யலாம். கேமராவிலும் போனிலும் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த வீட்டில் எடுத்தீர்கள் என்பது படத்தின் கோப்பிலேயே இருக்கும்.

இதைப் பழக விமானம் ஏற வேண்டாம். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள், 1960களில் எல்லாவற்றையும் விட்டுக் கப்பல் ஏறியவர்கள், இவர்களுடைய குடும்பங்கள் வியாசர்பாடியில் இருக்கின்றன. பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட நிற்கும்போதே பேச்சு தொடங்கிவிடும். முதல் சில சந்திப்புகளுக்கு நோட்டு மட்டும் கொண்டுபோங்கள். பேச்சில் வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் எங்கள் ஆயா என்னை "எம்டன்" என்று திட்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பலின் பெயர் அது என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வீடுகளில் போர் இப்படித்தான் தங்கியிருக்கிறது. நல்ல ஆவணப்படத்துக்கு இதெல்லாம் வேண்டும்.

கை பழக காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போதும். விடியற்காலை மூன்றரைக்கு விசைப்படகுகள் வந்து ஏலம் தொடங்கும் நேரத்தில் போங்கள். வெளிச்சம் குறைவு, தரை வழுக்கும், ஐஸ் பெட்டி தூக்கி வருகிறவர் உங்களுக்காக நிற்க மாட்டார். 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மட்டும் போதும். வ்யூஃபைண்டரில் வலது கண்ணை வைக்கும்போது இடது கண்ணை மூடாதீர்கள். பக்கவாட்டில் என்ன வருகிறது என்று அந்தக் கண்தான் சொல்லும். காசிமேட்டில் அது பெட்டி, போர்முனையில் வண்டி. கடல் காற்றில் மைக்குக்கு ரோம உறை போடாமல் ஒலி எடுத்துப் பாருங்கள், வீட்டுக்கு வந்து கேட்டால் ஒரு வார்த்தை தேறாது. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிட ஒலியைத் தனியாக எடுத்து வையுங்கள். எடிட்டிங்கில் வெட்டி ஒட்டிய இடத்தை மறைக்கும்போது அதன் அருமை தெரியும்.

அடுத்தது ரத்தம். டிம் ஹெதரிங்டன் நல்ல போர்ப் புகைப்படக்காரர், ஆவணப்படக்காரர். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் அடிபட்டு, ரத்தம் போயே இறந்தார். அதற்குப் பிறகு அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் தனியாக இயங்கும் செய்தியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தர ஓர் அமைப்பையே தொடங்கினார். டூர்னிகெட் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள், அது ரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டை. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். மணியை எழுதி வைக்க வேண்டும். மருத்துவர் வரும்வரை தளர்த்தக் கூடாது. மலிவாகக் கிடைக்கும் போலிகளில் முறுக்கும் குச்சியே உடைந்துவிடும், அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரே கையால் உங்கள் தொடையில் கட்டிப் பாருங்கள். நான் இன்றும் மாதம் ஒருமுறை செய்கிறேன்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். என் வீட்டை நடத்துவது கல்யாண ஆல்பம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ராயபுரம் பக்கத்து கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. அந்த மாதங்களில்தான் என் பயணங்கள். 2022 மார்ச்சில் மட்டும் இரண்டு கல்யாணங்களை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு, உக்ரைன் எல்லையை ஒட்டிய போலந்து ஊரான ஷெமிசில் (Przemyśl) ரயில் நிலையத்துக்குப் போனேன். போருக்குத் தப்பி வந்தவர்கள் அங்கே இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாள் ஒரே நடைமேடை. போர்முனைக்குப் போகவே இல்லை. நான் எடுத்ததில் இன்றும் மனசாரக் காட்டக்கூடியவை அந்த நடைமேடைப் படங்கள்தான். முதல் பயணத்துக்கு உங்களுக்கும் இப்படி ஓர் இடத்தைத்தான் சொல்வேன்.

சாதாரண காப்பீடு போர்க் காயத்துக்குப் பெரும்பாலும் பணம் தராது, பாலிசியின் விலக்குப் பகுதியை முழுசாகப் படியுங்கள். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு குண்டு துளைக்காத அங்கியும் ஹெல்மெட்டும் இரவல் தருகிறது. லண்டனில் உள்ள ரோரி பெக் அறக்கட்டளை தனியாக இயங்குகிறவர்களுக்கு உதவுகிறது. சாட்டிலைட் போன் வேண்டுமென்றால் போகிற நாட்டில் வாடகைக்கு எடுங்கள். உரிமம் இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் கைதாகலாம். அப்புறம், உங்களைக் கூட்டிப்போகும் உள்ளூர்க்காரரின் கூலியை முன்கூட்டியே பேசி அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் அவர் அங்கேதான் இருக்க வேண்டும், அவர் பெயரைப் போடலாமா என்றும் கேளுங்கள்.

தினமும் தூங்குவதற்கு முன், அன்று எடுத்ததை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு ஆளின் பையில்.

ஒரு போர்ப் பயணத்திலிருந்து திரும்பி வந்த வருடம் தீபாவளிக்குத் தண்டையார்பேட்டையில் ஆயிரம்வாலா வெடித்தபோது நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுவாரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டு போட்டு உட்கார்ந்தேன், ஏழு மாதம் விடாமல் போனேன். பயணத்துக்கு எடுத்து வைக்கும் தொகையில் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

இப்போது நான் எந்தப் படத்தையும் வெளியிடும் முன் எம்.சி. ரோடு கடையில் ஒரு பிரதி போட்டு, படத்தில் இருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தூர தேசம் என்றால் போனில் அனுப்புகிறேன். ஷெமிசில் நடைமேடையில் எடுத்தவர்களில் பதினோரு பேர் வேண்டாம் என்றார்கள். அந்தப் பதினொன்றும் என் பீரோவில் உறைக்குள் இருக்கின்றன.