சூறாவளிப் பருவமும் பெட்ரோல் விலையும்: ஃபுளோரிடா, டெக்சாஸ் பகுதிகளில் புதிதாகக் குடியேறுவோருக்கு

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது; செப்டம்பரில் அது உச்சத்தை எட்டும். அமெரிக்காவின் எண்ணெய்ச் சுத்திகரிப்புத் திறனில் ஏறத்தாழப் பாதி மெக்ஸிகோ வளைகுடாக் கரையோரத்திலேயே அமைந்திருப்பதால், பெரும் புயல் அங்கே வரும்போது ஆலைகள் மூடப்பட்டு, பெட்ரோல் விலையும் ஏறிவிடுகிறது. 2017இல் ஹார்வி புயல் தாக்கியபோது இதுவே நடந்தது. ஏற்கெனவே எரிபொருள் செலவு கூடியிருக்கும் குடும்பம், புயல் செய்தி வந்த பிறகு அவசரமாக வாங்கத் தொடங்கினால் இரட்டைச் சுமையைத் தாங்க நேரிடும்.

ஆகவே, குடியேறியதும் முதலில் உங்கள் முகவரி எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்பதை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவில் இம்மண்டலங்கள் எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. முதலில் வெளியேற வேண்டியது பொதுவாக ‘ஏ’ மண்டலத்தினர். கடல்நீர் உட்புகும் இடத்தில் வசிப்பவர்கள் உத்தரவு வந்தவுடன் தயங்காமல் புறப்பட வேண்டும். மண்டலத்துக்கு வெளியே உறுதியான கட்டடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே தங்கலாம். 2005இல் ரீட்டா புயலுக்கு அஞ்சி ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பியதால், கடும் வெயிலில் நெடுஞ்சாலைகள் அடைபட்டன, வாகனங்கள் எரிபொருள் தீர்ந்து நின்றன, பயணத்திலேயே பலர் உயிரிழந்தனர். வெளியேறுவோருக்கும் பல நூறு மைல் பயணம் தேவையில்லை. சில பத்து மைல் உள்நாட்டில், மேட்டுப் பகுதியில் உள்ள நண்பர் வீடோ அரசுப் புகலிடமோ போதும். பெட்ரோலை மிச்சப்படுத்த இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

பருவம் முழுவதும் காரின் டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் பெட்ரோல் இருந்தும் பம்புகள் இயங்காது; கடன் அட்டைகளும் செல்லாது என்பதால் சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருப்பது அவசியம். அங்கீகரிக்கப்பட்ட சிவப்புக் கேனில் தவிர வேறெதிலும் பெட்ரோலைச் சேமிக்க வேண்டாம். அதையும் வீட்டுக்குள்ளோ கார் டிக்கியிலோ வைக்கக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால், வெட்டவெளியில் மட்டுமே இயக்க வேண்டும். கராஜின் கதவைத் திறந்து வைத்தாலும், அபார்ட்மெண்ட் பால்கனியில் வைத்தாலும், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குபவர்களைக் கொன்றுவிடும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் அதற்குப் பதிலாகப் பவர் பேங்கும் பேட்டரி விளக்குகளும் வாங்கினால் செலவும் குறையும், ஆபத்தும் இல்லை.

காப்பீட்டில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடும் வாடகைதாரர் காப்பீடும் வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும்; பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும் என்பதால், ஏப்ரலிலேயே சேர்ந்துவிடுவது நல்லது. பணத்தை மிச்சப்படுத்தக் காருக்கு லயபிலிட்டி (நம் காரால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமான காப்பீடு) மட்டும் எடுத்திருப்பவர்கள், வெள்ளத்தில் கார் மூழ்கினால் ஒரு டாலரும் பெற முடியாது. அதற்கு, வெள்ளம் போன்றவற்றால் நம் காருக்கு நேரும் சேதத்தை ஏற்கும் காம்ப்ரிஹென்சிவ் காப்பீடு தேவை.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் வீதம் குறைந்தது மூன்று நாளுக்கு வேண்டும். அதையும் சமைக்காமல் உண்ணக்கூடிய உணவையும் வாராந்தரக் கடைச் செலவோடு சிறிது சிறிதாகச் சேர்த்தால் பாரம் தெரியாது. கடவுச்சீட்டு, விசா ஒப்புதல் கடிதங்கள், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை நீர்புகாத உறையில் ஒன்றாக வைத்து, படியெடுத்து ஊரில் உள்ள பெற்றோருக்கும் அனுப்பிவையுங்கள். புயலின்போது தொலைபேசி இணைப்பு கிடைக்காவிட்டாலும் குறுஞ்செய்தி சென்றுசேர வாய்ப்புண்டு என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.