கையுறையைக் கழற்றிய பிறகு நடுவராக நிற்பது எப்படி

குத்துச்சண்டையில் ஆடிய காலத்தில் பெரிய பெயர் வாங்கியவர் என்பதற்காக நல்ல நடுவராகிவிட முடியாது. ஜெர்சி ஜோ வால்காட் உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர். 1965இல் முகமது அலி - சோனி லிஸ்டன் இரண்டாவது சண்டைக்கு அவர்தான் நடுவர். லிஸ்டன் விழுந்ததும் அலி ஒதுங்கிப் போகாமல் மேலே நின்று கத்த, வால்காட்டின் கவனமெல்லாம் அலியை விரட்டுவதிலேயே போய்விட்டது. லிஸ்டன் எழுந்து இருவரும் மறுபடி மோதத் தொடங்கிய பிறகுதான், விழுந்தவர் எழுந்தாக வேண்டிய பத்து விநாடி எப்போதோ முடிந்துவிட்டது என்று வெளியிலிருந்து சொல்லி அவருக்குத் தெரிந்தது.

அதனால் முதலில் பழக வேண்டியது நாக்டவுன், அதாவது ஒருவர் அடி வாங்கி விழும் நேரம். அடித்தவரை நியூட்ரல் கார்னருக்கு (இருவருக்கும் சொந்தமில்லாத மூலைக்கு) அனுப்புங்கள். நேரக் கணக்காளரின் எண்ணிக்கையைக் காதில் வாங்கி, அங்கிருந்தே தொடருங்கள். கூச்சலில் குரல் கேட்காது, விழுந்தவரின் கண்ணுக்கு நேராக விரலையும் காட்டுங்கள். அவர் எழுந்துவிட்டாலும் எட்டு வரை எண்ணியாக வேண்டும். பரிசோதனையே அந்த நேரத்தில்தான். "முடியுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது, எல்லோரும் "முடியும்" என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படிச் சொன்னவன்தான். உங்களை நோக்கி இரண்டு அடி நடந்துவரச் சொல்லுங்கள். கால் பின்னுகிறதா, பார்வை உங்கள் முகத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் கையுறையைத் துடைத்துவிட்டு அனுப்புங்கள்.

நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள். இருவரின் நெஞ்சுப் பக்கமும் தெரியும் கோணத்தைத் தேடி நகர்ந்துகொண்டே இருங்கள். முன்னாள் வீரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: நல்ல ஹூக் (கையை வளைத்து விடும் குத்து) விழுந்தால் தோள் தானாகத் துள்ளும், கண் அடித்தவர் பக்கமே போகும். அடி வாங்குபவரைப் பாருங்கள்.

அப்புறம், சண்டையை நிறுத்துவது. ரூபி கோல்ட்ஸ்டைனும் முன்னாள் வீரர்தான், அனுபவம் மிக்க நடுவர். 1962இல் கிரிஃபித் - பாரெட் சண்டையின் 12ஆவது ரவுண்டில் மூலையில் மாட்டிய பாரெட் சரமாரியாக அடிவாங்கினார். கோல்ட்ஸ்டைன் குறுக்கே வரத் தாமதமாகிவிட்டது. பத்து நாளில் பாரெட் இறந்தார். இன்னொரு முன்னாள் வீரர் ரிச்சர்ட் ஸ்டீல், 1990இல் சாவேஸுக்கு எதிரான சண்டையில் புள்ளிகளில் முன்னிலையில் இருந்த டெய்லரை, சண்டை முடிய இரண்டே விநாடி மிச்சமிருக்கும்போது தொடர விடாமல் நிறுத்தினார். இன்றுவரை அதற்குத் திட்டு வாங்குகிறார். நான் ஸ்டீல் கட்சி. நிறுத்தும் நேரத்தில் கடிகாரத்தையும் புள்ளியையும் பார்ப்பது நடுவரின் வேலையே இல்லை.

மற்றதெல்லாம் வழக்கமான படிகள்: சங்கத்தின் பயிற்சி வகுப்பு, தேர்வு, கண் பரிசோதனை, சின்னப் பிள்ளைகளின் போட்டிகள். அவற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், வலித்தாலும் சொல்லத் தெரியாத வயது அது. நீங்கள் பழகிய ஜிம்மின் பையன் ரிங்கில் ஏறினால் மட்டும், முன்கூட்டியே சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.