துருப்பிடித்த பெட்ரோல் டேங்கைச் சரிசெய்யும் முறை

குன்னூரிலும் உதகையிலும் மழைக்காலம் முழுவதும் ஷெட்டிலேயே நிற்கும் பழைய அம்பாசடர், பத்மினி கார்களின் பாதி காலியான டேங்குக்குள், இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து அடியில் தேங்கித் துருவை உண்டாக்குகிறது.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, திறந்தவெளியில் பெட்ரோலை வடித்த பின் டேங்கை இறக்க வேண்டும். காலி டேங்கில் தங்கும் ஆவி எளிதில் வெடிக்கக்கூடியது என்பதால், அருகில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. பெட்ரோல் அளவுகாட்டும் மிதவையையும் கழற்றிவிட்டு, சோப்பு நீரால் பலமுறை கழுவுங்கள்.

பிறகு 10 லிட்டர் வெந்நீருக்கு 1 கிலோ சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி, ஒரு நாள் ஊறவிடுங்கள். ஒரு கைப்பிடி நட்டுகளை எண்ணி உள்ளே போட்டுக் குலுக்கினால், துருச் செதில்கள் கடுங்காப்பி நிறத்து நீரோடு உதிர்ந்து வரும். எண்ணாமல் போட்டால், உள்ளே தங்கிய ஒன்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கடகடக்கும்.

சமையல் சோடா கரைத்த நீரால் அலசியவுடன், மலை வெயிலை நம்பியிராமல் காற்றடித்து உலர்த்தி, உட்புறம் முழுவதும் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் என்ஜின் ஆயில்) படரச் செய்யுங்கள்; தாமதித்தால் சில மணி நேரத்திலேயே புதுத்துரு பூத்துவிடும். ஊசித்துளைகள் தென்பட்டால், டேங்க் வேலையில் தேர்ந்தவரிடமே வெல்டிங்கை ஒப்படையுங்கள். பெட்ரோல் ஃபில்டரையும் புதிதாக மாற்றுங்கள்.