நிறத்தை நம்பி மீனுக்குப் பெயர் வைக்காதீர்கள்

போன வாரம் மண்டபத்தில், பாக் விரிகுடா பக்கம், கடல் உயிர்களை அடையாளம் கண்டு குறிப்பெடுக்கப் புதிதாகப் பழக வந்த நாலு பேரோடு கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். கரையேறியதும் ஒரு தம்பி குறிப்பேட்டை நீட்டினார்: "மஞ்சள் கிளிமீன் 6, பச்சைக் கிளிமீன் 1." எனக்குப் பகீரென்றது. இதே வரியை ஒரு சீசன் முழுக்க நானும் எழுதியிருக்கிறேன். இதையும், புதியவர்கள் செய்கிற வேறு சில தவறுகளையும் கீழே சொல்கிறேன்.

நிறத்தை வைத்து இனம் சொல்வது

நான் எழுதிய அந்த இரண்டும் ஒரே மீன்தான், அறிவியல் பெயர் ஸ்கேரஸ் கோபன். மஞ்சள் உடம்பில் நீலப் பட்டைகளோடு திரிவது பெரும்பாலும் பெண். அதுவே பிறகு ஆணாக மாறி நீலப்பச்சை ஆகிவிடும். இது தெரியாமல் ஒன்றை இரண்டாக எண்ணினேன், அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, வாய், வால், துடுப்பு எதையுமே குறிக்காததால் பின்னால் திருத்தவும் வழியில்லாமல் அத்தனை பக்கமும் வீணானது, இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை. யோசித்துப் பாருங்கள், பெரிய ஆண் மீன்கள் வலையில் போய்விட்ட வருடத்தில் இப்படிப்பட்ட கணக்கைப் பார்ப்பவருக்கு ஓர் இனமே காணாமல் போனதாகத் தெரியும்.

பேரரசத் தேவதை மீனும் அப்படித்தான். குஞ்சில் கருநீல உடம்பும் வெள்ளை வளையங்களும், வளர்ந்தால் மஞ்சள் கோடுகள். அந்தக் குஞ்சைத் தனி இனமென்று நினைத்து 1801-இல் 'நிக்கோபாரென்சிஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். போதாததற்கு, சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கத் தொடங்கிவிடும், கலங்கல் தண்ணீரில் இன்னும் மோசம்.

அதனால் முதலில் வாயைப் பாருங்கள். மற்ற மீன்களைச் சுத்தம் செய்யும் நீலக்கோட்டு மீனுக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கும். அச்சு அசலாக அதே கோட்டோடு வந்து துடுப்பைக் கடித்துவிட்டு ஓடும் போலிக்கு வாய் மூக்குக்கு அடியில் இருக்கும். அப்புறம் வால் வடிவம், கடைசியாக நிறம்.

தட்டைப்புழுவை நூடிபிராங்க் என்பது

நூடிபிராங்க் ஓடில்லாத நத்தை. தலையில் இரண்டு கொம்பு, பல வகைகளில் முதுகின் பின்பக்கம் பூப்போலச் செவுள்கொத்து. தட்டைப்புழுவுக்குச் செவுளே கிடையாது, காகிதம் மாதிரி மெல்லிசாக, ஓரம் சுருங்கி நகரும்.

கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுப்பது

கூடவே கூடாது. சிலவற்றின் விஷம் ஆளையே கொல்லும்.

ஊர் தெரியாமல் ஊர்ப்பெயர் எழுதுவது

தூத்துக்குடியில் சீலா என்றால் வஞ்சிரம், சென்னையில் சீலா என்றால் ஊளி, அதாவது பாரகுடா. மீனவ அண்ணன்மாரிடம் அவசியம் கேளுங்கள், நம்மைவிட அவர்களுக்குத் தெரியும், ஆனால் எந்த ஊர்க்காரர் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடல் அட்டையைத் தூக்கிப் படம் எடுப்பது

வேண்டாம். 2001 முதல் அதைப் பிடிக்கவே தடை. கிடக்கிற இடத்திலேயே படம் எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு பென்சில் வைத்தால் போதும்.