கேலக்ஸி படம் எடுக்கப் போகிறீர்களா? தொலைநோக்கி நேரத்தை வீணாக்கும் தவறுகள்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தேங்காய் காயவைக்கும் களம் ஒன்று இருக்கிறது. மாசி, பங்குனி இரவுகளில் கல்லூரிப் பிள்ளைகளோடு அங்கே ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்து வானம் பார்ப்போம். அவர்களில் சிலருக்கு எப்போதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் தொலைநோக்கியில் இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கிடைக்கும். விண்ணப்பம் எழுதி, காத்திருந்து வாங்குகிற நேரம் அது. அதை எப்படியெல்லாம் இழக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலான தவறுகள் ஷட்டர் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

எல்லோருக்கும் முதல் ஆசை ஆண்ட்ரோமெடா கேலக்ஸிதான். 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருந்தாலும் வானத்தில் அதன் நீளம் ஏறக்குறைய 3 டிகிரி, அதாவது ஆறு முழு நிலவுகளை வரிசையாக வைத்த நீளம். ஆராய்ச்சித் தொலைநோக்கி பார்ப்பதோ வானத்தின் ஒரு சின்னத் துண்டை. ஹவாயின் மவுயி தீவிலும் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கிலும் இருக்கும் 2 மீட்டர் ஃபால்க்ஸ் தொலைநோக்கிகளின் பார்வை, நிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதில் ஆண்ட்ரோமெடாவைக் குறிவைத்தால் கிடைப்பது நடுவில் உள்ள வெள்ளை மங்கல் மட்டுமே. கார்த்திகைக் கூட்டத்தைக் குறிவைத்தால் ஒன்றிரண்டு நட்சத்திரம் அகப்படும், கூட்டம் அகப்படாது. அந்தச் சட்டத்துக்குள் அழகாக அடங்குவது எம் 104 என்ற சாம்பிரெரோ கேலக்ஸி மாதிரியானவை. இலக்கின் அளவையும் கேமராவின் பார்வை அளவையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள்.

அடுத்தது உயரம். கொங்கு நாடு ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்து சித்திரை இரவில் நமக்குத் தெற்கே உச்சிக்கு வரும்போதுகூட 32 டிகிரி உயரம்தான். அந்த உயரத்தில் அதன் ஒளி, தலைக்கு நேர்மேலே இருந்து வருகிற ஒளியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. ஒரு மணி நேரம் முந்தினாலும் பிந்தினாலும் இன்னும் மோசம். தொலைநோக்கி வேறு நாட்டில் இருந்தால் கணக்கே மாறும். நம் தலைக்கு மேலே தெரிவதை வைத்து சைடிங் ஸ்பிரிங்குக்கு ஆண்ட்ரோமெடாவைக் கேட்டால், அங்கே அது 18 டிகிரிக்கு மேல் ஏறாது. நிலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொத்துகள் நிலவொளியை ஓரளவு தாங்கும், மங்கலான கேலக்ஸிகள் தாங்காது. அவற்றுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள்தான்.

இனி நான் அதிகம் வருத்தப்படுகிற தவறு. ஒரு முறை ஒரு பையன் ஒமேகா சென்டாரியை எடுத்துவிட்டு, “அண்ணா, சூப்பரா பளிச்சுனு வந்துருக்குதுங்க” என்று அனுப்பினான். பளிச்சென்றுதான் இருந்தது. நடுப்பகுதி முழுக்க ஒரே வெள்ளை. 16 பிட் கேமராவில் ஒரு பிக்சல் காட்டக்கூடிய அதிகபட்ச எண் 65,535. அதைத் தொட்டுவிட்ட நட்சத்திரத்தின் உண்மையான ஒளி அளவு போனது போனதுதான். எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பல கேமராக்களில் அந்த எண்ணைத் தொடுவதற்கு முன்பே, விழும் ஒளிக்கும் காட்டும் எண்ணுக்கும் இடையிலான நேர் விகிதம் கெட ஆரம்பித்துவிடும்.

நட்சத்திரக் கொத்தில் இது பெரிய இழப்பு. ஒரு கொத்தின் நட்சத்திரங்களை நீல ஃபில்டரிலும் பச்சை ஃபில்டரிலும் அளந்து, நிறம் ஒரு பக்கம் ஒளி ஒரு பக்கம் என்று வரைபடம் போட்டால் அந்தக் கொத்தின் வயதையே சொல்லலாம். அந்த வரைபடத்தின் மேல் முனையில் நிற்பவை செம்பூதங்கள், அதாவது வயதாகி ஊதிச் சிவந்த நட்சத்திரங்கள். நிரம்பி வழிந்து வெள்ளையாகிப் போவதும் முதலில் அவைதான். அதனால் பத்து விநாடியில் ஒரு சோதனைப் படம் எடுங்கள். பிரகாசமான நட்சத்திரத்தின் மேல் கர்சரை வைத்து எண்ணைப் பாருங்கள். 40,000க்குக் கீழே நிற்கும்படி எக்ஸ்போஷரை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, குறையுங்கள். மங்கலான நட்சத்திரங்களுக்கு நீண்ட எக்ஸ்போஷர் தனியாக ஒரு தொகுப்பு. இரண்டும் வேண்டும்.

கேலக்ஸிக்கு வேறு விதம். அங்கே ஒரு மணி நேர ஒளி வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கிறவர்கள் உண்டு. ஒரு செயற்கைக்கோள் குறுக்கே போனாலோ, காற்று தொலைநோக்கியை ஒரு உலுக்கு உலுக்கினாலோ அந்த மணி நேரம் முழுதும் கெட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று நிமிடமாக இருபது படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் சில பிக்சல் நகர்த்துங்கள். கெட்ட பிக்சல்கள் ஒரே இடத்தில் குவியாமல் இருக்கும். எல்லா ஃபில்டருக்கும் ஒரே நேரம் ஒதுக்குவதும் தவறு. காற்று நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கிறது. பல கேமராக்களுக்கும் நீலத்தில் உணர்திறன் குறைவு. கேலக்ஸியின் சுருள் கைகளில் உள்ள இளம் நட்சத்திரங்கள் தெரிவதோ நீலத்தில்தான். அதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

அப்புறம், பிளாட். சமமான வெளிச்சம் உள்ள பரப்பைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதனால் நம் படத்தை வகுப்பதுதான் இது. கேமராவின் கண்ணாடியில் ஒட்டிய தூசி ஒவ்வொன்றும் படத்தில் உளுந்து வடை மாதிரி ஒரு வளையத்தை விடும். மூலைகள் இருண்டு போகும். கேலக்ஸியின் வெளிப்புற ஒளி வானத்தின் பின்னணி ஒளியைவிட மங்கலாகவே இருக்கும் என்பதால், இந்த நிழல்களை நீக்காத படத்தில் எது கேலக்ஸி, எது தூசி என்று சொல்ல முடியாது. பிளாட்டுக்கு அந்தி வானம் நல்லது. ஆனால் நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குகிறது, அந்தி சீக்கிரம் கழிந்துவிடும். காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலையிலும் இதே கதைதான். பிளாட்டுக்கு ஏற்ற வெளிச்சம் சில நிமிடங்கள்தான் நிற்கும், அதற்குள் எல்லா ஃபில்டரையும் முடிக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் வானம் இருட்டியிருக்கும். நீலத்தில் கேமராவின் உணர்திறன் குறைவு என்பதால் மாலையில் நீல ஃபில்டரை முதலில் எடுங்கள், சிவப்பைக் கடைசிக்கு வையுங்கள். நடுவில் யாராவது கேமராவைச் சுழற்றிவிட்டால் அந்த பிளாட்டுகள் உதவாது, திரும்ப எடுக்க வேண்டும். ஷட்டரை மூடி வைத்து எடுக்கும் டார்க் படங்களும் அப்படியே. படம் எடுத்த அதே வெப்பநிலை, அதே எக்ஸ்போஷர் நேரம்.

கடைசியில், படம் அழகாக வந்ததும் மூலக் கோப்புகளை அழித்துவிடுவது. தொலைநோக்கி தருவது ஃபிட்ஸ் என்ற வானியல் கோப்பு. அதில் 65,536 ஒளிப் படிகள். வாட்ஸப்பில் அனுப்பும் ஜேபெக் படத்தில் நிறத்துக்கு 256 படிகள்தான். அளவீடு என்று ஒன்று செய்ய வேண்டுமானால் ஃபிட்ஸ்தான் கதி. அதில் பதிவாகும் நேரம் உலகப் பொது நேரம் என்பதையும் கவனியுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். இரவு ஒரு மணிக்கு எடுத்த படம் அங்கே முந்தின நாள் இரவு ஏழரை. நோட்டில் தேதியை மாற்றி எழுதிவிட்டுப் பிறகு தேடி அலைந்தவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு.

2023 மே 19 அன்று எம் 101 கேலக்ஸியில் ஜப்பானைச் சேர்ந்த கோயிச்சி இட்டாகாக்கி ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரத்தை, கண்டுபிடித்தார். 2023ஐஎக்ஸ்எஃப் என்று அதற்குப் பெயர். அறிவிப்பு வந்ததும் உலகம் முழுக்கப் பலர், அதற்கு முந்தின மணி நேரங்களில் தாங்கள் எடுத்திருந்த எம் 101 படங்களைத் தேடி எடுத்தார்கள். சிலவற்றில் அந்த நட்சத்திரம் அப்போதுதான் ஒளிர ஆரம்பித்திருந்தது. வெடிப்பு எப்போது தொடங்கியது என்று கணக்கிட அந்தப் படங்கள் உதவின. அழகுக்காக எடுத்த படங்களும் அவற்றில் இருந்தன. எடுத்தவர்கள் கோப்புகளை அழிக்காமல், நேரத்தோடு வைத்திருந்தார்கள்.