குவெரி அனுப்புவது யார்?

போர்ட் லூயியில் பூஜைச் சாமான் மொத்தமாக விற்கும் ஒரு கடைக்கு டேட்டாபேஸ் பார்த்துக்கொடுக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரம் கற்பூரமும் பால்குடமும் பறக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பில் போடும் திரை உறைந்து நிற்கும். "தம்பி, புது சர்வர் வாங்கணுமா?" என்று கடைக்கார அண்ணன் போன் போட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

அங்கே ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ். அதைக் கேள்வி (அதுதான் குவெரி) கேட்பவர்கள் மூவர்: கவுண்டரில் பில் புரோகிராம், கிடங்கில் சரக்கு எண்ணும் மொபைல் ஆப், கணக்குப்பிள்ளையின் எக்செல். மூவரும் ஒரே யூசர் பெயரில் நுழைந்தால் யாரைப் பிடிப்பது? அதனால் முதலில் ஒவ்வொன்றின் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கிலும் (டேட்டாபேஸுக்குள் நுழைய புரோகிராம் வைத்திருக்கும் முகவரி வரி) 'அப்ளிகேஷன் நேம்' கொடுங்கள். முடிந்தால் யூசரையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். இதை நான் சோம்பலில் தள்ளிப்போட்டேன்; பின்னால் அனுபவித்தேன்.

அப்புறம் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யைத் திறந்து பாருங்கள். இந்த நொடியில் யார், எந்த ஐ.பி.யிலிருந்து, எந்த குவெரியை, எப்போதிலிருந்து ஓட்டுகிறார் என்று கனெக்‌ஷனுக்கு ஒரு வரி வரும். மற்றவர்களின் குவெரி தெரியாவிட்டால் உங்கள் யூசருக்கு 'பிஜி மானிட்டர்' ரோலைக் கொடுங்கள். 'ஐடில்' என்று இருக்கும் வரியில் காண்பது கடைசியாக ஓடி முடிந்த குவெரி. அதைப் பார்த்துப் பதறாதீர்கள். 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' அப்படியல்ல. ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா நிற்பவர்; கிடங்குச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போன ஆள் அவர். பிடித்த பூட்டை விடாமல் உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்து ஸ்லோ லாக்; அதிக நேரம் பிடிக்கும் குவெரிகளை எழுதிவைக்கும் பதிவு. 'லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட்' அளவை 500 மில்லிசெகண்ட் என்று வைத்து ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். லாக் வரியின் முன்னொட்டில் சதவீதக் குறியும் சின்ன 'ஏ'யும் சேர்த்தால் அப்ளிகேஷன் பெயரும் பதிவாகும்.

எனக்கு லாக் காலியாகவே இருந்தது. கடையோ திணறிக்கொண்டிருந்தது!

அப்போதுதான் 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' என்ற எக்ஸ்டென்ஷன் (கூடுதல் கருவி) கைகொடுத்தது. இதை 'ஷேர்ட் ப்ரீலோட் லைப்ரரீஸ்' பட்டியலில் சேர்த்து சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கடை அடைத்த பிறகு செய்யுங்கள். பிறகு டேட்டாபேஸுக்குள் எக்ஸ்டென்ஷனை உருவாக்குங்கள். குவெரியில் உள்ள எண், பெயர் போன்ற மதிப்புகளை உருவிவிட்டு, ஒரே மாதிரி குவெரிகளை ஒன்றாகக் கூட்டி, எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு நேரம் என்று சொல்லும். ரீசெட் செய்துவிட்டு, கூட்டம் நெரியும் ஒரு மணி நேரம் விட்டு, மொத்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். மொத்த நேரம் காட்டும் நெடுவரிசையின் பெயர் போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து 'டோட்டல் எக்ஸெக் டைம்'.

உச்சியில் இருந்தது விலை கேட்கும் ஒரு குட்டி குவெரி. ஒரு தடவைக்கு 2 மில்லிசெகண்ட்தான். எந்த ஸ்லோ லாகில் சிக்கும்? ஆனால் இந்தக் கருவி அப்ளிகேஷன் பெயரை வைத்துக்கொள்வதில்லை, யூசரை மட்டுமே பிரித்துக் காட்டும். என் சோம்பலுக்குக் கிடைத்த கூலி அது. ஒருநாள் உட்கார்ந்து யூசர்களைப் பிரித்த பிறகுதான் ஆள் பில் புரோகிராம் என்று தெரிந்தது. புதுச் சாமான் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் பட்டியலில் உள்ள அத்தனைக்கும் தனித்தனியாக விலை கேட்டிருக்கிறது. 60 சாமான் உள்ள பில்லுக்கு 1,830 கேள்விகள். புதிதாகச் சேர்ந்த சாமானுக்கு மட்டும் கேட்கும்படி மாற்றினோம். புது சர்வர் வாங்கவில்லை.

போஸ்ட்கிரெஸுக்குப் பதில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஸ்லோ லாகின் 'லாங் குவெரி டைம்' இயல்பாக 10 செகண்ட், அது மிக அதிகம், குறையுங்கள். எண்ணிக்கை பார்க்க 'பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா' இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் என்றால் பழைய ப்ரொஃபைலரை விட்டு 'எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ்' பக்கம் போங்கள்.

ஒன்று மட்டும். ஸ்லோ லாகில் குவெரி மதிப்புகளோடு விழும். வாடிக்கையாளரின் போன் நம்பரும் அதில் இருக்கலாம். அந்த ஃபைலை யார் திறக்கலாம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.