பயிற்சி வைத்தியர்களுக்குத் தர மேம்பாடு கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான இடங்களில் முதல் தவறு விரிவுரையிலேயே தொடங்கிவிடுகிறது. சிகிச்சையின் தரத்தை மதிப்பிட 1966இல் மருத்துவர் டொனபெடியன் வகுத்த கட்டமைப்பு, செயன்முறை, விளைவு என்ற பகுப்பு நல்லதுதான். தர மேம்பாட்டு நிபுணர் டெமிங் பரப்பிய ‘திட்டமிடு, செய், ஆராய், திருத்து’ வட்டமும் நல்லதுதான். ஆனால் இரவு முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றவருக்கு மறுநாள் மதியம் இதையெல்லாம் ஒரு மணிநேரம் சொன்னால் என்ன தங்கும்? அவர் நேற்றிரவு பார்த்த நோயாளியிலிருந்து தொடங்குங்கள். கோட்பாட்டுப் பெயர்கள் தேவைப்படும்போது தாமாக வரட்டும்.

வன்னியில் அதற்குப் பாம்புக்கடியைவிட நல்ல பாடம் இல்லை. முழங்காவில் பக்கம் வயலில் ஒருவரைக் கண்ணாடிப் புடையன் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பிரதேச வைத்தியசாலை, பிறகு கிளிநொச்சி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் ஏ9 வழியே யாழ் போதனா வைத்தியசாலை. அந்தப் பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கீழ் இயங்குகிறது, போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். ஒவ்வொரு கைமாற்றத்திலும் என்ன தகவல் எழுதப்பட்டது, எது விடுபட்டது, அம்புலன்ஸ் எப்போது கிளம்பியது என்று நேரக்குறிப்போடு பயிற்சி வைத்தியரையே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். சுகாதார முறைமை என்பது என்னவென்று அப்போது புரியும்.

அடுத்தது, கைக்கு எட்டாத பிரச்சினையைத் திட்டமாகக் கொடுப்பது. ஆளணிப் பற்றாக்குறையை ஒரு பயிற்சி வைத்தியரால் தீர்க்க முடியாது. ஆனால் பாம்பு கடித்தவரின் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை சரியாக நடக்கிறதா என்று அவரால் பார்க்க முடியும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சவர்க்காரத்தில் கழுவிய குழாயிலோ செய்தால் முடிவு பிழைக்கும். இரத்தத்தை அசைக்காமல் வைக்க வேண்டும், 20 நிமிடம் கழித்துச் சரித்துப் பார்க்க வேண்டும். சரியான குழாய் அவசரப் பிரிவில் எப்போதும் இருக்கிறதா, நேரம் குறிக்கப்படுகிறதா? இவ்வளவே ஒரு நல்ல திட்டம். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கும் மேற்பார்வையாளர்களோடு நான் ஒருபோதும் உடன்படமாட்டேன். நச்சுமுறி மருந்து கொடுப்பதா இல்லையா என்ற முடிவே இந்தக் குழாயில்தான் தங்கியிருக்கிறது.

கணக்கெடுப்பதோடு நின்றுவிடுவதும் பரவலான தவறு. நூறு கோப்புகளைப் புரட்டி, ‘இத்தனை வீதம் பதியப்படவில்லை’ என்று காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எதையும் மாற்றிப் பார்க்காதவரை அது கணக்கெடுப்பு மட்டும்தான். மாற்றம் என்று வரும்போதும் ‘தாதியருக்கு இன்னொரு கருத்தரங்கு’ என்பதே பலருடைய முதல் யோசனை. அதற்கு முன்னால் ஏன் நடக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். குழாய் பூட்டிய அலமாரியில் இருந்திருக்கலாம், திறப்பு வேறொருவரிடம் இருந்திருக்கலாம். அப்படியிருக்க ஒரு தாதியின் பெயரைக் கூட்டத்தில் சொல்லிக் குற்றம் சாட்டினால், அடுத்த தடவை யாரும் பிழையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. காலபோக அறுவடை நேரத்தில் ‘முன்’ அளவையும், வயல் ஓய்ந்த மாதங்களில் ‘பின்’ அளவையும் எடுத்தால் எந்தத் திட்டமும் வென்றதுபோலத் தெரியும். நோயாளர் குறைந்தால் நெருக்கடி குறையும், வேலை தானாகச் சீராகும். எலிக்காய்ச்சலுக்கும் இதே கதைதான். ஆகவே இரண்டு புள்ளிகளை ஒப்பிடாமல் வாராவாரம் ஒரு புள்ளியாகக் கோட்டுப்படம் வரையச் சொல்லுங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும்.

வைத்தியர்கள் மட்டும் கூடிப் பேசுவதும் உதவாது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000களின் தொடக்கத்தில் வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைத்திருக்கும் ஜப்பானின் ‘ஐந்து எஸ்’ முறையைக் கொண்டுவந்தபோது, சிற்றூழியர்வரை எல்லாரையும் சேர்த்துக்கொண்டது. இங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் அறிந்த ஊர்ச் சங்கதிகள் வைத்தியசாலைக் கோப்பில் இருக்காது. தெற்கிலிருந்து வரும், தமிழ் பழக்கமில்லாத பயிற்சி வைத்தியர்களுக்கு இந்தத் தொடர்பு இன்னும் அவசியம்.

இதை மேலதிக வேலையாக நடத்தாதீர்கள். அமெரிக்காவில் பட்டப்பின் மருத்துவப் பயிற்சியை அங்கீகரிக்கும் சபை 1999இல் ஏற்ற ஆறு தகைமைகளில், முறைமையை உணர்ந்து பணியாற்றுவது ஒன்று, தன் வேலையைத் தானே ஆராய்ந்து திருத்துவது இன்னொன்று. வாராந்த நேர அட்டவணையில் இதற்கென்று இடம் வேண்டும்.

அப்புறம், இடமாற்றம். பயிற்சி வைத்தியர் போனதும் திட்டமும் போய்விடுகிறது. தொடங்கும் நாளிலேயே, விடுதியில் தொடர்ந்து இருக்கப்போகும் தாதி ஒருவரைக் கூட்டாளியாகச் சேருங்கள். கோட்டுப்படமும் கொப்பியும் அவரிடம் இருக்கட்டும். புதிய தொகுதி வந்த முதல் வாரத்தில் அவரே அவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல அரை மணிநேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.